பிழை எந்த வழியாக நுழையும்? – ஆய்வுத் துறைகள் பற்றிய வாசகர் கேள்வி பதில்

ஆய்வுமுறைகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். அந்தந்தத் துறையில் பல ஆண்டு பழகியவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: மூத்தவள் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள், இளையவன் தத்துவத்தில். “சோதனைக்குழாயும் கிடையாது, புள்ளிவிவரமும் கிடையாது. உட்கார்ந்து யோசிப்பதெல்லாம் ஆராய்ச்சியா?” என்று அக்கா தம்பியைச் சீண்டிக்கொண்டே இருக்கிறாள். நான் யார் பக்கம் பேசுவது?

பதில்: இரண்டு பேர் பக்கமும் பேசலாம். ஒரு வேலை ஆராய்ச்சியா இல்லையா என்பதைக் கருவியை வைத்து முடிவுசெய்ய முடியாது. “நான் சொல்வது தவறு என்றால் அது எப்படித் தெரியவரும்?” என்று கேட்டுப் பாருங்கள். அதற்குத் தெளிவான பதில் இருந்தால் அது ஆராய்ச்சி. வேதியியலில் பதில் குடுவையிலிருந்து வரும். தத்துவத்தில் எதிர்-எடுத்துக்காட்டிலிருந்து வரும்.

அறிவு என்றால் என்ன என்பதற்கு நெடுங்காலம் வழங்கிவந்த இலக்கணம் ஒன்று உண்டு: ஒருவர் நம்புவது உண்மையாக இருக்க வேண்டும், நம்புவதற்குத் தக்க காரணமும் இருக்க வேண்டும். 1963இல் எட்மண்ட் கெட்டியர் மூன்றே பக்கக் கட்டுரை ஒன்றில் இரண்டு எடுத்துக்காட்டுகளை வைத்து அதை உடைத்தார். அவர் சுட்டிய ஓட்டையை இப்படி விளக்கலாம். சுவர்க் கடிகாரம் நேற்று மதியம் 2 மணிக்கு நின்றுவிட்டது. அது உங்களுக்குத் தெரியாது. இன்று தற்செயலாகச் சரியாக 2 மணிக்கு அதைப் பார்த்து “மணி 2” என்று நம்புகிறீர்கள். நம்பிக்கை உண்மை, கடிகாரத்தைப் பார்த்தது தக்க காரணம். ஆனாலும் மணி உங்களுக்குத் தெரிந்திருந்தது என்று சொல்ல மனம் வருமா? பழைய இலக்கணத்தைச் சரிசெய்ய எழுதப்பட்ட கட்டுரைகள் அதன்பின் குவிந்தன. ஒவ்வொன்றுக்கும் புதிய எதிர்-எடுத்துக்காட்டு வந்தது. தம்பி செய்கிற வேலை இந்த வகை. அக்காவின் பரிசோதனையைப் போலவே இதிலும் தோற்றுப்போக வழி இருக்கிறது.

துறைக்குத் துறை மாறுவது பிழை நுழையும் வழி. அந்த வழியை அடைக்கத்தான் ஒவ்வொரு துறையும் தனக்கென்று முறைகளை வளர்த்துக்கொண்டது. கீழே உள்ள பதில்களையும் அந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள்.

கேள்வி: சுவடிப் பதிப்பில் ஆராய்ச்சி எங்கே இருக்கிறது? நான்கு ஏடுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெரும்பான்மை ஏடுகளில் உள்ளதை அச்சிட்டால் முடிந்தது இல்லையா?

பதில்: பெரும்பான்மையை நம்பினால் மோசம் போவீர்கள். நான்கு ஏடுகளில் மூன்று ஒரே ஏட்டைப் பார்த்து எழுதியவையாக இருந்தால், அவை மூன்று சாட்சிகள் ஆகா. ஒரே சாட்சியின் மூன்று எதிரொலிகள்தாம். ஆகவே முதல் வேலை, ஏடுகளுக்குள் உறவைக் கண்டுபிடிப்பது.

அதற்குத் துப்பு பிழைகளில் இருக்கிறது. சரியான பாடம் (ஏட்டில் காணும் சொல்வடிவம்) இரண்டு ஏடுகளில் ஒன்றாக இருப்பது உறவைக் காட்டாது. மூலத்தில் அப்படி இருந்ததால் இரண்டுக்கும் வந்திருக்கலாம். இரண்டு ஏடுகளிலும் ஒரே இடத்தில் அதே இரண்டு அடிகள் விடுபட்டிருந்தால்தான் உறவு தெரியும். தனித்தனியாக எழுதிய இருவர் தற்செயலாக அப்படித் தவறுவது அரிது. பொதுப் பிழையைக் கொண்டு ஏடுகளின் வம்சாவளியை வரையும் இந்த முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர் கார்ல் லாக்மன் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள்.

நடைமுறை இப்படி. ஓர் ஏட்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மற்றவற்றை அடி அடியாக ஒப்பிடுங்கள். ஓர் அடிக்கு ஒரு வரிசை, ஓர் ஏட்டுக்கு ஒரு பத்தி என்று அட்டவணை போடுங்கள். வேறுபாடுகளை மட்டும் குறித்தால் போதாது. ஏடு முறிந்த இடம், பூச்சி அரித்த இடம், எழுதாமல் விட்ட இடம் மூன்றையும் தனித்தனிக் குறியால் காட்ட வேண்டும். பின்னால் இதுதான் கைகொடுக்கும். ஒரு ஏட்டில் இன்னோர் ஏட்டின் பிழைகள் அத்தனையும் இருந்து, கூடுதலாகச் சொந்தப் பிழைகளும் இருந்து, அந்த இன்னோர் ஏடு முறிந்த அதே இடத்தில் இங்கே வெற்றிடமும் விடப்பட்டிருந்தால், இது அதன் நகல். சாட்சிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

தமிழ் ஏடுகளுக்கென்றே உரிய சிக்கல் எழுத்தில் இருக்கிறது. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு கிடையாது. ரகரமும் துணைக்காலும் (ா) ஒரே வடிவம். ‘கால்’ என்று எழுதியிருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஓலையில் இருப்பவை மூன்று குறிகள். அவற்றைக் ‘கால்’ என்று படிக்கலாம், ‘கால’ என்று படிக்கலாம், ‘கரல்’ என்றும் படிக்கலாம். இடம் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆகவே ஒப்பிடும்போது நீங்கள் படித்ததை எழுதாமல், ஓலையில் உள்ளதை உள்ளபடி, புள்ளி இல்லாமலே பெயர்த்து எழுதுங்கள். படிப்பு அடுத்த பத்தியில் வரட்டும். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்துவிட்டால், பின்னால் உங்கள் ஊகம் எது, ஏட்டின் சாட்சி எது என்று உங்களுக்கே தெரியாது.

வேறுபட்ட இரண்டு பாடங்களில் எது மூத்தது? கடினமான பாடத்துக்கு முதலிடம் கொடுப்பது மரபு. எழுதுகிறவர் புரியாத சொல்லைப் புரிந்த சொல்லாக மாற்றுவது இயல்பு. புரிந்த சொல்லைப் புரியாததாக மாற்ற அவருக்குக் காரணம் இல்லை. ஆனால் வெறும் கைப்பிழையும் கடினமான பாடம்போலத் தோன்றும் என்பதால் கண்மூடிப் பின்பற்றக் கூடாது. யாப்பு நல்ல துணை: தளை தட்டினாலோ எதுகை பிசகினாலோ அங்கே ஏதோ நடந்திருக்கிறது. அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஏடு எழுதியவர் யாப்பு தெரிந்த புலவராக இருந்தால், அவர் கைவைத்துத் திருத்திய இடமும் தளை தட்டாமலே இருக்கும். நல்ல புலவரின் ஏட்டைவிட, பொருள் தெரியாமல் எழுத்தெழுத்தாகப் பெயர்த்தவரின் ஏடு பதிப்பாசிரியருக்குப் பல இடங்களில் மேலான சாட்சி.

கேள்வி: எலும்புத் துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பினால் எத்தனை ஆண்டு பழையது என்று சொல்லிவிடுவார்களாமே? அப்படியிருந்தும் காலக்கணிப்பில் ஏன் இத்தனை தகராறு?

பதில்: ஆய்வகம் ஆண்டைச் சொல்வதில்லை, கார்பன்-14 எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்கிறது. உயிர் இருந்தவரை உடலில் சேர்ந்து, இறந்தபின் சிதைந்து குறைந்துகொண்டே போகும் கார்பன் வகை அது. அந்த மிச்சத்தை ஆண்டாக மாற்றும் வழியில்தான் தகராறுகள் எல்லாம். வில்லார்டு லிப்பியும் அவரது குழுவினரும் 1949இல் இந்த முறையை வெளியிட்டார்கள். 1960இல் லிப்பிக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கார்பன்-14இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறக்குறைய 5,730 ஆண்டுகள். சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் அளக்கும் அளவுக்கு எதுவும் மிஞ்சாது.

பிழை நுழையும் முதல் வழி கலப்படம். மாதிரியில் ஒரே ஒரு சதவீதம் இன்றைய கார்பன் கலந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உண்மை வயது 5,000 ஆண்டு என்றால், அளவீடு 70 ஆண்டு போலக் குறையும், தாங்கிக்கொள்ளலாம். உண்மை வயது 40,000 என்றால், அதே ஒரு சதவீதம் வயதை ஏறக்குறைய 33,000க்கு இறக்கிவிடும். மூல மாதிரியில் கார்பன்-14 துளிகூட இல்லாவிட்டாலும் 37,000 ஆண்டு என்று விடை வரும். மிகப் பழைய மாதிரிகளுக்கு வரும் முடிவுகளைத் துறையினர் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

ஆகவே களத்திலேயே கவனம் வேண்டும். மாதிரியை வெறுங்கையால் தொடாதீர்கள். சுத்தமான கரண்டியால் எடுத்து அலுமினியத் தாளில் சுற்றுங்கள். பஞ்சு, காகித உறை இரண்டும் வேண்டாம், அவையே கார்பன். உடைந்த எலும்பை ஒட்டுவதற்குப் பசை தடவிவிட்டு அதே துண்டை அனுப்புவது அடிக்கடி நடக்கும் தவறு. ஆய்வகத்தில் கரித்துண்டை முதலில் அமிலத்திலும், பிறகு காரத்திலும், மறுபடி அமிலத்திலும் கழுவுவார்கள். முதல் அமிலம் மண்ணிலிருந்து ஏறிய கார்பனேட்டை நீக்கும். காரம் மக்கிய பொருளின் ஹியூமிக் அமிலங்களைக் கரைக்கும். காரம் காற்றிலிருந்து இழுத்த கார்பன் டை ஆக்சைடைக் கடைசி அமிலம் வெளியேற்றும். எலும்பு என்றால் அதிலுள்ள கொலாஜன் என்னும் புரதத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். அது எலும்பின் எடையில் ஒரு சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, கார்பன்–நைட்ரஜன் அணு விகிதம் 2.9க்கும் 3.6க்கும் வெளியே போனாலோ மாதிரி கெட்டுவிட்டது என்று கொள்வார்கள். அறிக்கை வரும்போது வயதை மட்டும் பார்க்காமல் இந்த இரண்டு எண்களையும் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது வழி நுட்பமானது. அளவீடு சரியாகவே இருக்கும். அளந்த பொருள்தான் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பொருந்தாது. அடுப்புக் கரி எப்போது எரிந்தது என்பது உங்கள் கேள்வி. கார்பன்-14 சொல்வதோ அந்த மர வளையம் எப்போது வளர்ந்தது என்பதை. முந்நூறு ஆண்டு வளர்ந்த மரத்தின் வைரத்தை எரித்திருந்தால் முந்நூறு ஆண்டு வரை பிழை வரலாம். அதனால் தானிய மணி, விதை, சுள்ளி போன்ற ஓரிரு ஆண்டில் விளைபவற்றைத் தேர்ந்தெடுங்கள். கடல் உணவையே உண்டு வாழ்ந்தவர் எலும்பும் வயதைக் கூட்டிக் காட்டும். கடல்நீரின் கார்பன் ஏற்கெனவே சராசரி 400 ஆண்டு போலப் பழையது.

கடைசியாக, வளிமண்டலத்தில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவாக இருக்கவில்லை. அதனால் மர வளையம் முதலியவற்றைக் கொண்டு தயாரித்த திருத்த வளைகோட்டோடு ஒப்பிட்டே நாட்காட்டி ஆண்டு பெறப்படுகிறது. கி.மு. 800 முதல் 400 வரை அந்த வளைகோடு கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கிறது. அந்தக் காலத்துப் பொருள் எதை அனுப்பினாலும் நானூறு ஆண்டு அகல விடைதான் பெரும்பாலும் வரும். எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் இதைத் தாண்ட முடியாது. அங்கே மண்ணடுக்கின் வரிசையையும் பானை வகைகளையும் சேர்த்துத்தான் நெருங்க முடியும். “கி.மு. 600” என்று ஒற்றை ஆண்டை யாராவது அடித்துச் சொன்னால் திருத்தாத வயது, பிழை வரம்பு, ஆய்வக எண், பயன்படுத்திய வளைகோடு ஆகிய நான்கையும் கேளுங்கள்.

கேள்வி: உளவியல் முதுகலை மாணவி நான். “p-மதிப்பு 0.05க்குக் கீழே வந்துவிட்டால் கட்டுரை தேறிவிடும்” என்கிறார்கள் மூத்தவர்கள். சரிதானா?

பதில்: அந்தப் பேச்சால் துறைக்கே கேடு விளைந்திருக்கிறது. அந்த எண் சொல்வது இவ்வளவுதான்: உண்மையில் எந்த விளைவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இப்போது கிடைத்த அளவுக்கோ அதைவிட அதிகமாகவோ வேறுபாடு தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு. உங்கள் கருதுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பு அது ஆகாது.

ஒரு கணக்குப் போடுங்கள். எந்த விளைவும் இல்லாத இடத்தில் ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகள் செய்கிறீர்கள். ஒன்றாவது 0.05க்குக் கீழே வருவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். இருபது கேள்விகள் கொண்ட வினாத்தாளை ஒவ்வொன்றாகச் சோதித்து, “வந்ததை” மட்டும் எழுதினால் நடப்பது இதுதான். 2015இல் வெளியான ஒரு பெரிய கூட்டு முயற்சியில் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் அந்த எல்லையைத் தாண்டியிருந்தன. மறுமுறை தாண்டியவை 36 சதவீதம்.

நீங்கள் செய்ய வேண்டியது, தரவு சேகரிக்கும் முன்பே நான்கு விஷயங்களை எழுதித் தேதியோடு பொதுப் பதிவகத்தில் பதிவது: கருதுகோள், முதன்மை அளவீடு எது, எத்தனை பேரோடு நிறுத்துவீர்கள், யாருடைய தரவை எந்தக் காரணத்துக்காக நீக்குவீர்கள். எண்ணிக்கையை விளைவின் அளவிலிருந்து கணக்கிடுங்கள். இரண்டு குழுக்களுக்கிடையே திட்ட விலக்கத்தில் (தரவு சராசரியிலிருந்து சிதறும் அளவில்) பாதி வேறுபாடு இருக்கும் என்று எதிர்பார்த்தால், 80 சதவீதத் திறனோடு, அதாவது நூற்றுக்கு எண்பது முறை தவறாமல், அதைப் பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். எதிர்பார்ப்பது ஐந்தில் ஒரு பங்கு வேறுபாடு என்றால் குழுவுக்கு 394 பேர். குழுவுக்கு இருபது பேரை வைத்து நுண்ணிய விளைவைத் தேடுவது, தூரத்து நட்சத்திரத்தைப் பூக்கண்ணாடியால் பார்ப்பது போல. ஏதாவது தெரிந்தால் அது கண்ணாடியில் ஒட்டிய தூசியாகத்தான் இருக்கும்.

எல்லை எண் துறைக்குத் துறை மாறும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். துகள் இயற்பியலில் ஐந்து சிக்மா, அதாவது ஐந்து திட்ட விலக்க அளவு, கேட்பார்கள். தற்செயலாக அப்படி வரும் வாய்ப்பு ஏறக்குறைய 35 லட்சத்தில் ஒன்று. மனித மரபணுத்தொகுதி முழுவதையும் துழாவும் ஆய்வுகளில் பத்துக் கோடியில் ஐந்து. லட்சக்கணக்கான இடங்களை ஒரே மூச்சில் சோதிப்பதால் அவ்வளவு இறுக்கம். ஐந்து சிக்மாவும் தற்செயலை மட்டுமே தடுக்கும். நியூட்ரினோ என்னும் நுண்துகள் ஒளியைவிட வேகமாகப் போவதாக 2011இல் வந்த முடிவில் புள்ளியியலில் குறையே இல்லை. சுமார் 730 கிலோமீட்டர் தொலைவை 60 நானோநொடி முன்னதாகக் கடந்ததாகத் தெரிந்தது. முக்கியக் காரணம், சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழைக் கேபிள்.

கேள்வி: கணிதத்தில் கணினி நிரூபித்ததை ஏற்றுக்கொள்கிறார்களா?

பதில்: இப்போது ஏற்கிறார்கள். எல்லையைப் பகிரும் பகுதிகள் ஒரே வண்ணம் ஆகாமல் எந்த நிலப்படத்தையும் நான்கு வண்ணங்களுக்குள் தீட்டிவிடலாம் என்பதை 1976இல் அப்பெலும் ஹாக்கனும் கணினி துணையோடு நிரூபித்தபோது பலர் முகம் சுளித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்களைக் கணினி சோதித்தது. கையால் சரிபார்க்க வழியில்லை. கோளங்களை மிக நெருக்கமாக அடுக்குவது பற்றிய கெப்ளர் ஊகத்துக்கு 1998இல் தாமஸ் ஹேல்ஸ் தந்த நிரூபணத்தைப் பரிசீலித்தவர்கள், 99 சதவீதம் உறுதி என்றே சொன்னார்கள். கணிதத்தில் அந்த ஒரு சதவீதம் உறுத்தும். ஒவ்வோர் அடியையும் தர்க்க விதிப்படி சரிபார்க்கும் மென்பொருளில் நிரூபணம் முழுவதையும் எழுதுவதுதான் தீர்வாக அமைந்தது. நான்கு வண்ணத் தேற்றம் அப்படி 2005இல் முடிந்தது, கெப்ளர் ஊகம் 2014இல். மனிதர் எழுதும் நிரூபணத்திலும் ஓட்டை வரும். ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்கு ஆண்ட்ரூ வைல்ஸ் 1993இல் அறிவித்த நிரூபணத்தில் பிழை அகப்பட்டது. ரிச்சர்ட் டெய்லரோடு சேர்ந்து அதைச் சரிசெய்ய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

கேள்வி: பெரிய குளத்தில் எத்தனை ஆமைகள் இருக்கின்றன என்று எண்ணாமலேயே சொல்கிறார்களே, எப்படி?

பதில்: பிடித்து, அடையாளமிட்டு, விட்டு, மறுபடி பிடிப்பது. முதல் நாள் 50 ஆமைகளைப் பிடித்து ஓட்டின் விளிம்பில் குறியிட்டு விடுகிறீர்கள். சில நாள் கழித்து 60 பிடிக்கிறீர்கள். அதில் 12இல் குறி இருக்கிறது. ஐம்பதை அறுபதால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் 250. எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது இந்தச் சூத்திரம் கூட்டிச் சொல்லும் என்பதால், மூன்று எண்களோடும் ஒன்றைக் கூட்டிக் கணக்கிட்டு விடையில் ஒன்றைக் கழிப்பார்கள். அதற்குச் சாப்மன் திருத்தம் என்று பெயர். இங்கே 238 வரும்.

சூத்திரம் எளிது, நிபந்தனைகள்தாம் காலை வாரும். குறி அழியக் கூடாது. 12இல் மூன்று குறி அழிந்துபோய் 9 மட்டும் கண்ணில் பட்டால், முதல் சூத்திரப்படி குளத்தில் 333 ஆமைகள் ஆகிவிடும். ஒருமுறை வலையில் மாட்டிய ஆமை வலையைக் கண்டு ஒதுங்கினாலும் விடை பெருக்கும். வலையில் வைத்த இரைக்கு ருசி கண்டு திரும்பத் திரும்ப வந்தால் விடை சுருங்கும். இடையில் புதிய ஆமைகள் வந்து சேர்ந்தாலும் கணக்கு கெடும். இரண்டாம் முறை வேறு இடத்தில், முடிந்தால் வேறு வகை வலையால் பிடிப்பது நல்லது. பிடிபட்ட இடத்திலேயே திரும்ப விடுங்கள். குறியிட்டவை மற்றவற்றோடு கலக்க அவகாசம் கொடுங்கள். ஒரே குளத்தில் பத்து வலை போட்டுவிட்டுப் “பத்து மாதிரிகள்” என்று எழுதாதீர்கள். குளங்களை ஒப்பிடும் ஆய்வில் உங்களிடம் இருப்பது ஒரே மாதிரி. சூழலியல் கட்டுரைகள் திருப்பி அனுப்பப்படுவதற்கு இது நிலையான காரணங்களில் ஒன்று.

கேள்வி: மொழியியல் களப்பணிக்கு முதல்முறையாகப் போகிறேன். சொற்பட்டியலும் கைபேசியும் இருந்தால் போதும் என்று நினைக்கிறேன். வேறு என்ன வேண்டும்? மானிடவியலார் ஏன் ஓராண்டு தங்குகிறார்கள்?

பதில்: கைபேசியை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பல கைபேசிப் பதிவுச் செயலிகள் இரைச்சலைக் குறைக்கிறேன் என்று உரசொலிகளை அரித்துவிடும்; ஒலியைச் சுருக்கியும் சேமிக்கும். தனிப் பதிவுக் கருவியும், வாய்க்கு அருகே நிற்கும் தலைமாட்டி மைக்கும் வாங்குங்கள். சுருக்காத வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மின்விசிறியை நிறுத்துங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவரின் குறியீடு ஆகியவற்றை நீங்களே சொல்லிப் பதியுங்கள். பேசுபவரின் ஒப்புதலையும் அதே பதிவில் அவர் வாயால் வாங்குங்கள். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் ஒலி சாட்சி சொல்லும்.

சொற்பட்டியலை மேலிருந்து கீழாக ஒப்பிக்கச் சொன்னால், ஒவ்வொரு சொல்லும் பட்டியல் ராகத்தில் வரும். கடைசிச் சொல் தாழ்ந்து ஒலிக்கும். உயிரொலியின் நீளத்தை அளந்தால் ராகத்தைத்தான் அளந்திருப்பீர்கள். “நான் ___ என்று சொன்னேன்” போன்ற ஒரே வாக்கியத்துக்குள் சொல்லை வைத்து, மூன்று முறை, வரிசையைக் கலைத்துப் போட்டுக் கேளுங்கள்.

இலக்கணம் கேட்கும்போது “இப்படிச் சொல்லலாமா?” என்று தொடங்காதீர்கள். வந்த விருந்தாளியின் மனம் நோகக் கூடாது என்று “சொல்லலாம், சொல்லலாம்” என்பார்கள். ஒரு சூழலைச் சொல்லி, “இந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்வீர்கள்?” என்று கேளுங்கள். நீங்கள் எதிர்பார்த்த வடிவம் வராவிட்டால் மட்டும் பிறகு இரண்டு வடிவங்களைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். கேட்டு வாங்கிய வாக்கியங்களோடு, அவர்களே இயல்பாகப் பேசிய கதை, தகராறு, வேலை விளக்கம் என்று சில மணி நேரப் பதிவும் இருக்க வேண்டும். கேட்டால் வராத வடிவங்கள் பேச்சில் தானாக வந்து விழும். அன்றன்றே மூன்று படிகள் எடுங்கள். ஒன்று வேறு இடத்தில் இருக்கட்டும்.

ஓராண்டுக் கணக்குக்குக் காரணம் பருவங்கள். விதைப்பு, அறுப்பு, திருவிழா, பஞ்சகாலம் என்று ஒரு சுற்று முழுவதும் பார்த்தால்தான், பார்த்தது வழக்கமா, விதிவிலக்கா என்று சொல்ல முடியும். மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி முதல் உலகப்போர்க் காலத்தில் நியூகினி அருகே உள்ள டிரோப்ரியாண்ட் தீவுகளில் நீண்ட காலம் தங்கி, மொழி கற்று, கூடவே வாழ்ந்து குறிப்பெடுத்தது இத்துறைக்கு முன்மாதிரி ஆயிற்று. மானிடவியலார் கடைப்பிடிக்கும் ஒரு விதியை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்: பகலில் கிறுக்கிய துண்டுக் குறிப்பை அன்றிரவே விரித்து எழுத வேண்டும், கண்டதையும், அதற்கு நீங்கள் கொண்ட பொருளையும் வேறுவேறு பத்தியில். ஒரு வாரம் தள்ளினால் நினைவு தன் இஷ்டப்படி இட்டு நிரப்பிவிடும்.

கேள்வி: பொருளாதாரத்தில் சோதனை செய்ய முடியாதே. குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால் வேலை குறையுமா என்று எப்படி அறிவது?

பதில்: வேறு காரணத்துக்காக நாட்டில் நடந்த மாற்றத்தைச் சோதனைபோலப் பயன்படுத்துவார்கள். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் இரு பக்கத்திலுமாக 410 துரித உணவகங்களை உயர்வுக்கு முன்னும் பின்னும் விசாரித்தார்கள். நியூஜெர்சியின் மாற்றத்திலிருந்து பென்சில்வேனியாவின் மாற்றத்தைக் கழித்தால் மிஞ்சுவது கூலி உயர்வின் விளைவு. வேலைவாய்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை என்று 1994இல் எழுதினார்கள். பெரிய விவாதம் எழுந்தது. சம்பளப் பதிவேடுகளை வைத்து மறுத்தவர்களும் உண்டு. கார்டுக்கு 2021இல் நோபல் கிடைத்தது.

இந்த முறையின் உயிர்நாடி ஓர் அனுமானம்: கூலி உயராமல் இருந்திருந்தால் இரண்டு மாநிலங்களும் ஒரே போக்கில் போயிருக்கும். அதை நேரே நிரூபிக்க முடியாது. மாற்றத்துக்கு முந்தைய பல ஆண்டுகளின் போக்கை வரைந்து, இரண்டு கோடுகளும் சேர்ந்தே நடந்தனவா என்று பார்க்கலாம். முன்பே பிரிந்து போயிருந்தால் அந்த ஒப்பீட்டைக் கைவிடுங்கள்.

கேள்வி: கட்டுரையில் யார் பெயர் முதலில்? எங்கள் குழுவில் மனஸ்தாபம் வந்துவிட்டது.

பதில்: கணிதத்திலும் பொருளாதாரத்திலும் பெரும்பாலும் அகரவரிசை; முதலில் வருவதால் பெருமை இல்லை. உயிரியல், வேதியியல் போன்ற ஆய்வகத் துறைகளில் முதல் பெயர் வேலையின் பெரும்பகுதியைச் செய்தவருக்கு, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருக்கு. நடுவில் இருப்பவர்கள்தாம் மனம் நொந்துபோகிறவர்கள். வரலாறு, இலக்கியத்தில் ஒற்றை ஆசிரியர் நூலுக்கே பெரிய மதிப்பு. இன்னொரு கோடியில், ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015இல் வந்த கட்டுரையில் 5,154 பேர் ஆசிரியர்கள். 33 பக்கங்களில் ஆய்வு இருந்தது 9 பக்கங்களில். இருதுறைக் குழுவில் சண்டை வருவது இந்த வழக்கங்கள் மோதுவதால்தான். வேலை தொடங்கும் முன்பே வரிசையை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கருத்துருவாக்கம், தரவு, மென்பொருள், எழுத்து என்று 14 பங்குகளாகப் பிரித்து யார் எது செய்தார் என்று குறிக்கும் முறையைப் பல இதழ்கள் இப்போது கேட்கின்றன. அந்தப் பட்டியலையே ஒப்பந்தமாக வைத்துக்கொண்டால் பாதி மனஸ்தாபம் தீரும்.

கேள்வி: இளங்கலை முடிக்கப்போகிறேன். மொழியும் பிடிக்கிறது, அறிவியலும் பிடிக்கிறது. எந்த ஆய்வு எனக்கு ஒத்துவரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: துறையின் முடிவுகள் எல்லோருக்கும் பிடிக்கும். அங்கே அன்றாடம் செய்ய வேண்டிய சலிப்பான வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

லீனியர் பி என்னும் பழங்கால எழுத்தை மைக்கேல் வென்ட்ரிஸ் 1952இல் படித்துக்காட்டியதற்கு வழி அமைத்தவர்களில் ஆலிஸ் கோபர் முதன்மையானவர். போர்க்காலத்துத் தாள் பஞ்சத்தில் பழைய சுற்றறிக்கை, வாழ்த்து அட்டை என்று கிடைத்ததையெல்லாம் சீட்டுகளாக வெட்டி, ஒரு குறி எந்தக் குறிக்குப் பக்கத்தில் வருகிறது என்று எழுதிவைத்தார். ஏறக்குறைய 1,80,000 சீட்டுகள். அவற்றை அடுக்கி வைத்தது சிகரெட் அட்டைப்பெட்டிகளில். சீட்டுகளில் துளையிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பொதுவானவற்றைக் கண்டுபிடித்தார். அந்த மொழியில் சொல்லின் ஈறு மாறுகிறது என்று அப்படித்தான் தெரியவந்தது. படிக்கப்பட்டதைப் பார்க்காமலே 1950இல் இறந்துபோனார்.

பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று 1956இல் விண்கல்லின் ஈயத்தைக் கொண்டு கணித்த கிளேர் பாட்டர்சனின் உழைப்பில் பெரும்பங்கு கழுவுவதில் போயிற்று. காற்றிலும் தூசியிலும் வேதிப்பொருள்களிலும் இருந்த ஈயம் அளவீட்டைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. கண்ணாடிப் பாத்திரங்களை அமிலத்தில் ஊறவைத்தார், வேதிப்பொருள்களைத் தாமே வடித்துச் சுத்தம் செய்தார், வடிகட்டிய காற்றோடு தனி ஆய்வகம் கட்டினார். இத்தனை ஈயம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி பிறகு அவரைப் பெட்ரோலில் கலந்த ஈயத்துக்கு எதிரான ஆய்வுக்கு இட்டுச்சென்றது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். உங்களை ஈர்க்கும் மூன்று துறைகளில் துறைக்கொரு கட்டுரை எடுங்கள். முன்னுரையையும் முடிவுரையையும் விட்டுவிட்டு, முறை என்ற பகுதியை மட்டும் படியுங்கள். பிறகு அதில் ஒரு சிறு துண்டை நீங்களே செய்து பாருங்கள். ஒரு பாட்டின் இரண்டு பதிப்புகளை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பத்து நிமிடப் பேச்சைப் பதிந்து, தயங்கிய இடங்கள் உட்பட எழுத்தில் கொண்டுவாருங்கள். ஒரு விதைப் பொட்டலத்திலிருந்து 100 விதைகளை ஈரத்துணியில் முளைக்க வைத்து, பத்து நாள் தினமும் ஒரே நேரத்தில் எண்ணிக் குறியுங்கள். எந்த வேலையில் இடையில் ஒரு எண் பொருந்தாமல் போனபோது மறுபடி முதலிலிருந்து எண்ணத் தோன்றியது என்று குறித்துவைத்துக்கொண்டு, அந்தத் துறையின் ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள்.